நலிவுற்றோர் ஒருவர்

அந்தக் கோடையில் வெயில் அடித்தது என்று சொன்னால் வெயில் கோபித்துக்கொள்ளும். அது அடிக்கவில்லை, வீடு வீடாக ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. குழாயைத் திறந்தால் காப்பி போடும் பதத்தில் தண்ணீர் வந்தது. கடைத்தெருவில் தாரோடு ஒட்டிக்கொண்ட செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தவர்கள் பலர். காக்கைகள்கூடப் பறப்பதை நிறுத்திவிட்டு, சுவரோரமாக நிழல் பார்த்து நடந்து போயின. இந்த ஊரில் மட்டுமில்லை, பூமி உருண்டையே சட்டியில் போட்டு வறுத்த மாதிரிதான் இருக்கிறது என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் வரைபடத்தைச் சிவப்பாக்கிக் காட்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவில், நகராட்சியின் சுகாதார அலுவலருக்கு எரிந்தது உடம்பல்ல, வயிறு. காரணம் வெயிலுமல்ல, சகலை.

அவர் மனைவியும் சகலையின் மனைவியும் அக்கா தங்கை. அதனால் இவர் பெரிய மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளைக்கு முன்மண்டை முழுக்க மைதானமாகி, மூட்டு இரண்டும் கதவுக் கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்து வருடங்களாகிவிட்டன. இருந்தாலும் மாமனார் இருக்கும்வரை மாப்பிள்ளைதானே! சின்ன மாப்பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர் நகராட்சியில் இதே வேலை. அதே பதவி, அதே சம்பளம், ஏறினால் இறங்கும்வரை குலுங்கும் அதே ஜீப். அதுதான் சங்கடமே. மேலே இருப்பவனை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். கீழே இருப்பவனைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். பக்கத்தில் சரிசமமாக நிற்பவனைத்தான் நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது, குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு.

சின்ன மாப்பிள்ளை கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவரோ பார்த்த இடத்தில் "அண்ணே" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிற ரகம். பெரிய மாப்பிள்ளைக்கு மூட்டு வலி என்றால் தைலம் வாங்கி அனுப்புவார். அதைத் தேய்த்தால் வலியும் போய்விடும். அந்த எரிச்சலைத்தான் தாங்க முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்த உத்தரவு வந்தது. எங்கேயோ குளிர்தேசத்தில், வெயில் வந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்வெளியில் படுத்துக்கொள்கிற ஊரில், உலகத்து நிபுணர்கள் எல்லாம் கூடிப் பேசினார்களாம். ஊருக்கு ஒரு குளிர்ந்த அறையைத் திறந்து வையுங்கள், வயதானவர்களும் முடியாதவர்களும் பகல் நேரத்தில் வந்து உட்காரட்டும் என்று முடிவு செய்தார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் அது தலைநகரத்துக்கு வந்து, மண்டலத்துக்கு இறங்கி, நகராட்சி மேசைக்கு வந்து சேர்வதற்குள் மேசைக்கு மேசை ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. "குளிர்ந்த அறை" என்று புறப்பட்டது, "வெப்பத் தாக்கத்திற்கு ஆளாகும் நலிவுற்றோருக்கான பகல்நேர இளைப்பாறு மையம்" என்று வந்து இறங்கியது. பெயர்ப்பலகையைச் சமுதாயக் கூடத்தின் வாசலில் மாட்டினால் பாதிப் பெயர் பக்கத்துக் கட்டிடத்தில் போய் நின்றது.

இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரிதான் கொடுத்தார்கள். ஆள் உயரத்துக்கு ஏர்கூலர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், குடிநீர் டிரம், மின்சாரம் போனாலும் ஓட ஒரு ஜெனரேட்டர். ஒரே நாளில் ரிப்பன் வெட்டினார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆலை ஊர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் தூங்குகிறவர்கள். அரசாங்கம் ஒன்று கொடுக்கிறது என்றால் அது என்ன என்று கேட்பதற்கு முன்னால் வரிசையில் நின்றுவிடுவார்கள். "நலிவுற்றோர்னா கூலர் காத்து ஓசியா? அப்ப எங்க தெருவே நலிவுற்றோர்தான், எழுதிக்கங்க சார்" என்று முதல் நாளே கூடம் பிதுங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்கள் பேருந்திலிருந்து இறங்கவே இல்லையோ என்று சந்தேகம் வரும்படி இருந்தது.

இந்தப் பக்கமோ கௌரவ ஊர். கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள். இங்கே ஒருத்தர் மயங்கி விழுந்தால்கூட, "சும்மா தரை எப்படி இருக்குன்னு பார்த்தேன்" என்றுதான் எழுவார். பலகையை வாசித்தார்கள். "நலிவுற்றோர்" என்ற இடம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார்கள். பிறகு மேல்துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

"பாவம், இல்லாதவங்களுக்கு நல்ல ஏற்பாடு" என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அப்போது அவர் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி நிரம்பியிருக்கும்.

கூடத்தில் ஏர்கூலர்கள் காலி நாற்காலிகளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. நடுவில் பெரிய மாப்பிள்ளையும், அவருடைய உதவியாளரும். உதவியாளரை ஊரே 'ரேடியோ' என்றுதான் கூப்பிடும். நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ.

"சார், பக்கத்து ஊர்ல உட்கார இடமில்லாம டோக்கன் போடுறாங்களாம்."

"நான் கேட்டேனா?"

"இல்ல சார், அங்க உங்க சகலைக்கு மாலை போட்டாங்களாம். அதையும் நீங்க கேட்கல. சும்மா சொன்னேன்."

வீட்டுக்குப் போனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்ன மாப்பிள்ளை அனுப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. கூட்டத்தோடு சின்ன மாப்பிள்ளை, ஏர்கூலரோடு சின்ன மாப்பிள்ளை, தள்ளாத கிழவி ஒருத்தி தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கக் குனிந்த சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் உயர்த்திய பொம்மையை அனுப்பினார். அந்தக் கட்டைவிரலை எந்தக் கழுத்தில் வைத்து அழுத்த நினைத்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும்.

"என்னங்க" என்று ஆரம்பித்தார் மனைவி. அந்த 'என்னங்க'வின் நீளத்தை வைத்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. "அப்பா இன்னைக்கு மாடிப்படியில தலைசுத்தி உட்கார்ந்துட்டாரு."

பெரிய மாப்பிள்ளை கைபேசியைக் கீழே வைத்தார். மாமனார் அடுத்த தெருவில், தகரக் கூரை போட்ட ஒற்றை மாடி அறையில் தனியாக இருந்தார். மகள் வீட்டில் வந்து தங்க மாட்டார், அதுவும் கௌரவம். ஆனால் தினமும் காலையில் சதுரங்கம் ஆட வந்துவிடுவார். ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்வார். மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்தால், திரும்பி வருவதற்குள் குதிரை எங்கேயோ மேய்ந்துவிட்டு வேறு கட்டத்தில் நிற்கும். "குதிரைன்னா ஓடாதா மாப்பிள்ளை?" என்பார். அந்தத் திருட்டு ஆட்டம் இல்லாத காலை ஒன்றைப் பெரிய மாப்பிள்ளையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

"மையத்துக்கு வாங்க மாமான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்! 'நான் என்ன நலிவுற்றோரா'ன்னு கேட்கிறாரே, நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தங்கச்சி கூட்டிட்டுப் போறேங்கிறா. நாலு நாளைக்குத்தான்னு சொல்லி அப்பாவையும் சம்மதிக்க வச்சுட்டா. வியாழக்கிழமை மண்டல அதிகாரி வர்றாங்களாமே? கூட்டம் இல்லேன்னா இங்க மூடிட்டு கூலரை எல்லாம் அவங்க ஊருக்கே அனுப்பிடுவாங்களாம். தங்கச்சி வீட்டுக்காரரு லாரியோட வர்றாரு. அப்பாவும் அப்படியே அந்த லாரியில முன்னாடி உட்கார்ந்து போயிடட்டும்."

"ஓஹோ! கூலரும் போகுது, மாமாவும் போறாரு. பின்னாடி ஒரு ஓரமா என்னையும் கட்டி ஏத்திவிடு."

"உங்களை யாரும் கேட்கலையே" என்றார் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி.

அன்று அவர் மூளை, வெயிலில் வைத்த பால் மாதிரி பொங்கியது. சகலை ஊரில் சங்குதானே ரகசியம்? மறுநாளே தீயணைப்பு நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய அபாயச் சங்கு ஒன்றை வாங்கி வந்து, சமுதாயக் கூடத்தின் மாடியில் மாட்டினார். உச்சி வெயிலில் ஊதினார். சங்கா அது! மூன்று தெருவில் தூங்கிக்கொண்டிருந்த பூனைகள் எழுந்து நின்றன.

ஊர் திரண்டது. ஐயோ, எப்படித் திரண்டது! வாத்தியார்கள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், அவர்களுடைய மனைவிமார்கள், ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். பெரிய மாப்பிள்ளை வாசலில் கைகூப்பி நின்று "வாங்க, வாங்க!" என்பதற்குள், முதல் வாளி அவர் மேலேயே விழுந்தது.

"எங்க சார் தீ? உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்று தலைமையாசிரியர் மூச்சிரைத்தார்.

"தீ எல்லாம் இல்ல சார். உங்களுக்காகத்தான் ஊதினேன். உள்ள வந்து ஜில்லுன்னு உட்காருங்க."

"எங்களுக்காகவா?" அவர் முகம் கோணியது. "நாங்க யாருக்கோ ஆபத்துன்னு ஓடி வந்தோம். எங்களுக்கு என்ன வந்தது? நல்லாத்தானே இருக்கோம்!"

நல்லாத்தான் இருந்த அத்தனை பேரும் காலி வாளிகளோடு திரும்பி நடந்தார்கள். வழியில் இரண்டு பேருக்குக் கண் இருட்டியது. இருவரும் வெளியே சொல்லவில்லை.

மதியம் முழுக்கப் பெரிய மாப்பிள்ளை ஈரச் சட்டையோடு ஏர்கூலர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியோவையும் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டார். மண்டல அதிகாரி மறுநாள் வரப்போகிறார். லாரி வரப்போகிறது. சின்ன மாப்பிள்ளை அந்த லாரியில் மாமனாரை ஏற்றிவிட்டு, "கவலைப்படாதீங்க அண்ணே" என்று சொல்லப்போகிறார். அந்த "அண்ணே"யை நினைத்ததும் பற்கள் கடகடவென்று ஆடின. குளிராலா ஆத்திரத்தாலா என்று பற்களுக்கே தெரியவில்லை. கைபேசியை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டார். மூட்டையைக் கட்டிவிட்டாரா என்று விசாரித்து, வயிற்றெரிச்சலை இன்னும் கொஞ்சம் கிளறிக்கொள்ள.

"என்ன மாப்பிள்ளை, குரல் ஒரு மாதிரி இருக்கு? எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன் மாமா? இந்தப் பாழாப்போன கூடத்துலதான். ஒரு ஈ, காக்கா இல்ல. இவ்வளவு பெரிய கூடத்துல பேய் மாதிரி தனியா உட்கார்ந்திருக்கேன்."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"தனியாவா? அடக் கடவுளே! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நலிவுற்றோர் கிலிவுற்றோர்னு பலகையைக் காட்டுறீங்களே ஒழிய, நான் தனியா இருக்கேன் மாமான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? இருங்க. துணைக்கு வர்றேன்."

வந்தார். கக்கத்தில் சதுரங்கப் பலகையோடு, வேர்த்து விறுவிறுத்து, ஆனால் உதவி செய்யப் போகிறவரின் மிடுக்கோடு வந்தார். ஏர்கூலருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. முகத்தில் ரத்தம் மெல்லத் திரும்பியது. "உங்களுக்காகத்தான்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பெரிய மாப்பிள்ளையின் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வாளியோடு ஓடி வந்த கூட்டம் இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஓரடி எடுத்து வைக்க மாட்டார்கள். அடுத்தவனுக்கு என்றால் நெருப்பில் குதிப்பார்கள்.

தேநீர்க் கடையிலிருந்து திரும்பிய ரேடியோவை இழுத்து நிறுத்தினார். "போய்யா, வீடு வீடாப் போ. வெயில்னு வாயைத் திறக்காத. கடைக்காரங்ககிட்ட, 'எங்க சாரோட மாமனார் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம இருக்காரு'ன்னு சொல்லு. தலைமையாசிரியர்கிட்ட, 'தையல்காரருக்குத் தலைசுத்தல்'ன்னு சொல்லு. தையல்காரர்கிட்ட, 'தலைமையாசிரியர் தனியா உட்கார்ந்திருக்காரு'ன்னு சொல்லு. அவர் மனைவிகிட்ட, 'தையல்காரர் முகமே சரியில்லை, யாராவது பக்கத்துல இருந்தா தேவலை'ன்னு சொல்லு."

"சார், இதுக்குத்தான் நான் பொறந்தேன்!" என்று ரேடியோ பறந்தார்.

மறுநாள் காலை கூடத்தில் உட்கார இடமில்லை. ஒருத்தருக்குத் துணையாக இன்னொருத்தர், அவருக்குத் துணையாக மற்றொருத்தர் என்று தெருத் தெருவாக வந்து நிறைந்தார்கள். எல்லோர் முகத்திலும் புண்ணியம் சம்பாதிக்கிற களை. ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "பாவம், மனுஷன் முடியாதவரு, வெளியில காட்டிக்க மாட்டாரு" என்று அடுத்தவர் காதில் சொன்னார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அத்தனை பேரும் ஜில்லென்று ஆகிவிட்டார்கள்.

லாரி வந்து நின்றது. முன்னால் வந்த ஜீப்பிலிருந்து மண்டல அதிகாரி இறங்கினார். உதட்டில் சிரிப்பு, கண்ணில் கண்டிப்பு உள்ள அம்மா. பின்னாலேயே வேர்வையில் நனைந்த சின்ன மாப்பிள்ளை. கூட்டத்தைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது. அந்தத் திறந்த வாயைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட வேண்டும் என்று பெரிய மாப்பிள்ளையின் விரல்கள் துடித்தன.

"பரவாயில்லையே!" என்றார் மண்டல அதிகாரி. "காலி மையம்னு சொன்னாங்க. சரி, இவங்கள்ல நலிவுற்றோர் யார் யாரு? நாலு வார்த்தை பேசிட்டுப் போறேன். ஐயா, நீங்க?"

"நானா?" தலைமையாசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இதோ இவருக்குத் துணைக்கு வந்தேன்."

"எனக்குத் துணைக்கா?" தையல்காரர் துள்ளி எழுந்தார். "நான்தாங்க உங்களுக்குத் துணைக்கு வந்தேன்!"

"அப்படீன்னா என்னை எதுக்கு வரச் சொன்னாங்க?" என்றார் தையல்காரரின் மனைவி. "இவருக்கு முடியலைன்னுல்ல சொன்னாங்க?"

கூடம் சலசலத்தது. மண்டல அதிகாரி வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். எனக்கில்லை, அவருக்கு. எனக்கில்லை, இவருக்கு. சுட்டிய விரல்கள் கூடத்தைச் சுற்றிவந்து, கடைசியில் மாமனாரிடம் வந்து நின்றன.

மாமனார் சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் கல்லு மாதிரி இருக்கேன்."

மண்டல அதிகாரியின் உதட்டுச் சிரிப்பு மறைந்தது. "சார், மேலிடத்து விதி என்னன்னா, நலிவுற்றோர் இல்லாத ஊர்ல மையம் தேவையில்லை. இங்க ஒருத்தர்கூட இல்லையே! இவ்வளவு பேரும் துணைக்குத்தான் வந்திருக்காங்க. யாருக்குத் துணை? அந்த ஒருத்தரைக் காட்டுங்க, போதும்."

சின்ன மாப்பிள்ளை மெதுவாகப் பக்கத்தில் வந்து, உண்மையான பரிவோடு கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க அண்ணே. மாமாவை நான் பார்த்துக்கிறேன்."

பெரிய மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். தலைசுற்றலோடு மாடிப்படியில் உட்கார்ந்ததை அவர் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. கழுத்தை அறுத்தாலும் மாட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தால் கௌரவம் போய், அந்த லாரியில் தாமே ஏறிப் போய்விடுவார். தலைமையாசிரியரைக் காட்டினால் ஊரே எழுந்து வீட்டுக்குப் போய்விடும். காட்டுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளைச் சகலைக்கு முன்னால் காட்டுவதைவிட, நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்து நிற்கலாம்.

தொண்டையைச் செருமினார்.

"நான்தாங்க."

"என்னது?"

"நான்தாங்க அந்த நலிவுற்றோர்." ஒரே ஆள் நலிவுற்றோராக இருக்க இலக்கணம் இடம் கொடுக்காதுதான், தலைமையாசிரியரின் புருவம்கூட ஒரு கணம் துடித்தது. "எனக்கு வெயிலே ஆகாது. கண்ணு இருட்டும், கை காலு நடுங்கும், தனியா இருந்தா படபடன்னு வரும். வெளியில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். இவங்க அத்தனை பேரும் எனக்குத்தான் துணைக்கு வந்திருக்காங்க."



"ஒருத்தருக்கு இவ்வளவு துணையா?" என்றார் மண்டல அதிகாரி.

"எங்க ஊர்ல அப்படித்தாங்க" என்றது மொத்தக் கூடமும், ஒத்திகை பார்த்த மாதிரி ஒரே குரலில்.

மண்டல அதிகாரி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். குளிர்ந்த காற்றில் கண் சொக்கிக் கிடந்த முதியவர்களையும் பார்த்தார். எல்லாம் புரிந்தது போலிருந்தது. "துணைக்கு எத்தனை பேர் வரலாம்னு விதியில சொல்லலை" என்றார். "மையம் நடக்கட்டும். லாரி காலியாவே போகட்டும்." போகும்போது பெரிய மாப்பிள்ளையிடம், "உடம்பைப் பார்த்துக்கங்க சார்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய உதட்டோரத்தில் ஏதோ துடித்தது.

அவ்வளவுதான், ஊர் பெரிய மாப்பிள்ளைமேல் பாய்ந்தது. இத்தனை நாள் யாருக்கு உதவுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த ஊர் அல்லவா! ஒருத்தர் நாற்காலியை இழுத்து ஏர்கூலருக்கு நேர் எதிரில் போட்டார். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். தையல்காரரின் மனைவி ஈரத்துணியை நெற்றியில் போட்டார். "இவ்வளவு முடியாத மனுஷன் நமக்காக மாடியேறி சங்கு ஊதினாரே!" என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ரேடியோ இதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் பெரிய மாப்பிள்ளைக்கு இல்லாத வியாதியே இருக்கப்போவதில்லை.

மாமனார் எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அந்தக் கிழவருக்கா தெரியாது! தன் மேல்துண்டை எடுத்து, மகளைக் கட்டிக்கொடுத்த இத்தனை வருடத்தில் முதல்முறையாக, பெரிய மாப்பிள்ளையின் கழுத்து வேர்வையை ஒற்றினார். தலையைத் தடவிக்கொடுத்தார், அந்த மைதானம் முழுக்க.

"நீ போப்பா சின்ன மாப்பிள்ளை" என்றார் திரும்பாமலே. "லாரி வெயில்ல நிக்குது பாரு. மக கேட்டா, அப்பாவால இப்ப வர முடியாதுன்னு சொல்லு. இவரை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

சின்ன மாப்பிள்ளை வாசற்படியில் நின்றார். அவர் பார்வை, பெரிய மாப்பிள்ளையின் தலைமேல் மெல்ல ஊர்ந்த மாமனாரின் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கீழுதடு கொஞ்சம் பிதுங்கியது; கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது; "அண்ணே" என்று சொல்ல வந்த வாய் பாதியில் மூடிக்கொண்டது.

ஈரத்துணிக்கு அடியிலிருந்து பெரிய மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். ஆமாம், காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். பாவமாகத்தான் இருந்தது. எழுந்துபோய் அந்தத் தோளில் கைபோட்டு இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது.

அதற்குப் பதிலாக மெல்ல, மிகவும் பலவீனமாக, இருமினார்.

மாமனாரின் இன்னொரு கையும் தலைக்கு வந்தது.